அமைதியான ரோடு

இன்று காலை செராஸிலிருந்து வழக்கம்போல ஆற்றோர மலைச்சாலையில் சைக்கிள் மிதித்தேன். வழியில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடை வாசலெல்லாம் சைக்கிள்கள், ஸ்பீக்கரில் பாட்டு. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இடமில்லாமல் நின்றபடி சாப்பிட்டார்கள்.

கடைக்கார ஆன்டி சலித்துக்கொண்டார். "முன்னெல்லாம் இங்க ஆத்துச் சத்தம் கேக்கும். எவனோ ஃபேஸ்புக்ல 'அமைதியான ரோடு'ன்னு போட்டுட்டான் லா."

"வேலை வெட்டி இல்லாதவன், ஆன்டி" என்றேன்.

"நீ ஒருத்தன்தான்ப்பா சத்தமில்லாம வந்துட்டுப் போற" என்று, கேட்காமலேயே ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்தார்.

போட்டது நான்தான். போன மாதம், மேப்போடு. லைக் குவிந்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

முட்டையை அப்படியே வைத்துவிட்டு போனை எடுத்தேன்.

பதிவை அழித்துவிட்டேன். ஆன்டியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கீழே கமெண்டில் என்னைத் தாராளமாகத் திட்டலாம். ரூட் மட்டும் கேட்காதீர்கள்.