கம்பெனி ஆடு

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை எல்லோரும் ஆட்டுக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஆடு மேய்த்த தரிசில்தான் சூரிய மின்சாரக் கம்பெனி வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிப் பலகைகள், சுற்றிலும் கம்பிவேலி. மேய்ச்சல் போச்சே என்று அக்கா அழுதார். ஆண்டவர் ஒரு வழி விட்டார். மழைக்குப் பிறகு பலகைகளுக்கு அடியில் புல் மண்டி, கண்ணாடி மேலேயே நிழல் விழுந்தது. மிஷின் வைத்து வெட்டினால் கல் தெறித்துக் கண்ணாடி உடைந்தது. மேனேஜரே வீடு தேடி வந்தார்.

"உங்க ஆட்டை உள்ள விடுங்கம்மா. வெள்ளாடு மட்டும் வேணாம், பலகை மேல ஏறிக் குதிக்கும்."

அக்கா வெள்ளாடுகளை விற்றுச் செம்மறி வாங்கினார். ராத்திரியும் அவை அங்கேயே படுத்துக்கொள்ளும்.

"உன் ஆடுங்கல்லாம் இப்ப உத்தியோகஸ்தருங்க. நான்தான் வெட்டியா இருக்கேன்" என்பார், முட்டி வலியால் வீட்டோடு கிடக்கும் அவர் வீட்டுக்காரர்.

"நீங்களும் புல்லு தின்னுங்க, சேத்துக்குவாங்க" என்பார் அக்கா.

பிறகு கம்பெனியை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வாங்குகிறவர்கள் பார்க்க வந்த அன்று மேனேஜர் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். "கேட்டா கம்பெனி ஆடுன்னு சொல்லிடுங்கம்மா. வெளியாள் ஆட்டை உள்ள விட்டிருக்கேன்னு தெரிஞ்சா என்னைக் கிழிச்சிடுவாங்க."

அக்கா யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். வந்தவர்களிடம், "கம்பெனி ஆடுதாங்கய்யா, நான் சும்மா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

விற்பனை முடிந்தது. மேனேஜர் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. மறுநாள் காலை நானும் அக்காவோடு போனபோது கேட்டில் புதுப் பூட்டு, புதுக் காவலாளி.

"அண்ணே, ஆட்டுக்குத் தண்ணி காட்டணும், திறங்க."

"ஆஃபீசர் வர்ற வரைக்கும் உள்ள ஒரு துரும்பு அசையக்கூடாதுன்னு உத்தரவும்மா."

"என் ஆடுண்ணே!"

"உள்ள இருக்கறது பூரா கம்பெனி சொத்துன்னு சொல்லித்தான் என்னை நிறுத்தியிருக்காங்க."

வெயில் ஏறியது. ஆடுகள் வேலியில் முகத்தை முட்டிக்கொண்டு கத்தின. பலகை கழுவுகிற தொட்டி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"அந்தக் குழாயையாவது திருகி விடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

"தொட்டா என் சோத்துல மண்ணும்மா." அவர் எங்களைப் பார்க்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார்.

வேலிக்கு அடியில் ஒரு தட்டுகூட நுழையவில்லை. நாங்கள் வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து அப்படியே ஊற்றினோம். காய்ந்த மண் குடித்துவிட்டது. ஆடுகள் சேற்றை நக்கின. சினையாடு ஒன்று படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த நாள் உச்சி வெயிலில்தான் ஆஃபீசர் வந்தார். மரியாதையான பிள்ளை. அக்கா ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "என் ஆடுங்கய்யா, திறந்து விடுங்கய்யா."

"உங்க ஆடா? அன்னிக்கு நானும் இருந்தேனே. நீங்கதானே கம்பெனி ஆடுன்னீங்க?"

"மேனேஜர் சொல்லச் சொன்னாருங்கய்யா, பாவமேன்னு சொன்னேன்."

"ஆட்டையும் சேத்துதாம்மா விலை பேசியிருக்கு. மேலிடத்துல கேக்காம நான் எப்படி விட முடியும்?" கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. கம்பெனி ஆளா சேந்துக்கங்க. பழையபடி நீங்களே பாத்துக்கலாம். வெளிய மட்டும் ஓட்டிட்டுப் போகக்கூடாது." வண்டியிலிருந்து ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அது இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாதாம்.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "போடாதீங்கக்கா. போட்டா ஆடு அவங்களுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாலு பேரைக் கூட்டிட்டு வந்து பேசுவோம்."

"நீ பேசி முடிக்கற வரைக்கும் அதுங்க உசுரு நிக்குமாடி?"

சேலைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். குழாயைத் திருகினார். ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குடித்தன. அக்கா இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக்கொண்டு சினையாட்டிடம் போய் அதன் வாயில் விட்டார். அது கடைவாய் வழியாகவே வழிந்தது. மறுபடி ஏந்திக்கொண்டு வந்தார்.

காவலாளி கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.