பெரியப்பா வைத்த பரீட்சை

இன்றைக்குத் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் இறங்கினால், வெளியே போகும் வாசலை மூன்று பேரிடம் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறேன். மூவரில் ஒருவராவது என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் ஒன்பது வயதில், நன்னிலம் பக்கத்து வரப்புகளில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. காரணம், பெரியப்பா எனக்கு வைத்த பரீட்சை.

அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் தாளாகக் கிடந்த மாசி மாதம். வயலுக்குப் போகும்போது என்னையும் அழைத்துப் போவார். வாய்க்கால் பிரிகிற இடத்தில் நின்றுவிடுவார்.

"பாப்பா, நீ முன்னாடி போ. வழி தெரியுதான்னு பாக்குறேன்."

நான் ராணி மாதிரி நடப்பேன். பின்னாலேயே வருவார். வயல் வந்ததும், "கெட்டிக்காரி!" மறுநாளும் அதே இடம், அதே கேள்வி. பள்ளிக்கூடத்தில் இப்படிக் கேட்டிருந்தால் கணக்கிலும் பாஸாகியிருப்பேன்.

வீட்டிலும் வேடிக்கைகள் நடந்தன. மண்வெட்டியை நெல் குதிருக்குள் போட்டுவிட்டு ஊரெல்லாம் தேடினார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "இன்னுமா சோறு ஆவல?" என்றார்.

"வயலு பதிவாவற வரைக்கும் அவரு நெனப்பு இங்க இருக்காது" என்றாள் பெரியம்மா. எங்களுக்கும் அது சரியாகவே பட்டது.

மிராசுதாரிடம் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு வாங்கி, இருபது வருஷமாகப் பெரியப்பா உழுத ஆறு மா நிலம் அது, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். உழுகிறவர் பெயரைப் பதிந்துகொள்ளப் புதிய ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. மிராசுதாரோ, இந்த ஆள் என் நிலத்தில் கால் வைத்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை நாளில், சாட்சி சொல்ல வந்தவர்கள் மிராசுதார் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். அதிகாரி யோசித்து நியாயமான ஒரு வழி சொன்னார்.

"இருபது வருஷம் உழுதேங்கிறீங்க. வயலுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு எல்லையையும் காட்டுங்க. போதும்."

பெரியப்பா நடந்தார். அதிகாரியோடு பெரியம்மாவும் நானும் பின்னால் போனோம். வாய்க்கால் பிரியும் இடத்தில் நின்றார். கறுப்பு சிவப்புக் கரைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ முன்னாடி போ. வழி தெரியுதான்னு பாக்குறேன்."

மிராசுதாரின் காரியஸ்தர் சிரித்தார். "ஏன்யா, உழுதது நீயா, இந்தப் புள்ளயா?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே ஒரு யோசனை உதித்தது. நான் தப்பான வரப்பில் திரும்புவேன், "ஏ, அது இல்ல!" என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் அதட்டுவார்; அதிகாரி அசந்துபோவார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, வலப்பக்கம் போகவேண்டியவள் இடப்பக்கம் திரும்பினேன்.

பின்னால் அவர் காலடி கேட்டது. பத்தடிக்கு ஒருமுறை நடையைக் குறைத்தேன். அதட்டல் வரவில்லை. மிராசுதாரின் சொந்தப் பண்ணை வயலில் போய் நின்றோம். பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இதுதாங்க என் வயலு."

"இல்லீங்க, நான் சும்மா..." என்று ஆரம்பித்தேன். அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

ஆறு மாவும் போயிற்று. திரும்பும் வழியெல்லாம் பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா மட்டும் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தெரிந்தே என்னைத் தப்பு வழியில் போகவிட்டாரே என்று அவ்வளவு கோபம்.