தறிக்கு வந்த வயசு

முள்ளிப்பட்டுப் பிலவேந்திரனுக்கு ஐம்பத்தேழு வயது நடந்துகொண்டிருந்தபோது அவருடைய தறிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அப்படித்தான் சொன்னார்.

மகள் சோபியாவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாதா கோயிலில் அவள் கட்டிக்கொண்டு நிற்கப்போகும் வெள்ளைப் பட்டுப் புடவையைத் தன் கையாலேயே நெய்து தருவதாக, நிச்சயத்தன்று மாப்பிள்ளை ரெஜியின் அப்பாவுக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பிரியாணி சாப்பிட்ட தெம்பில் வந்த வார்த்தை. அவருக்கு வழக்கமாக நெசவு வேலை கொடுக்கும் முதலாளி பச்சையப்பன், இதைக் கேள்விப்பட்டு அந்தப் புடவைக்கென்றே தனியாக நீள இழைகளைக் கோத்துப் பாவு போட்டுக் கொடுத்தார். இனிப் பின்வாங்க வழியில்லை.

அரக்குச் சிவப்பிலோ மாம்பழ மஞ்சளிலோ சின்னக் குறை இருந்தால் சரிகையும் பூவும் சேர்ந்து மறைத்துவிடும். வெள்ளையில் குறைக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. கொஞ்ச தூரம் நெய்ததும் பிலவேந்திரன் கீழே ஒரு விளக்கைப் பிடித்துத் துணியைப் பார்த்தார். பட்டை பட்டையாக விழுந்திருந்தது. ஒரு பட்டை பால் மாதிரி கெட்டி. அடுத்தது மோர் மாதிரி தண்ணி. நடுநடுவே தகரம் போல விறைத்த பட்டைகளும் இருந்தன.

குறுக்கே ஓடும் ஊடை இழையை நெருக்கி அடிக்கும் அச்சுப்பலகை ஒரே சீராக விழுந்தால்தான் துணி ஒரே சீராக வரும். அந்த அடி நெய்கிறவர் கையில் இருக்கிறது. ஆனால் பிலவேந்திரனுக்குத் தன் கை மேல் சந்தேகம் வரவில்லை. தறி மேல்தான் வந்தது. பலகை தொங்கும் கயிற்றை மாற்றினார். மிதிக்கட்டைக்கு ஆப்பு வைத்தார். தட்டில் தண்ணீர் ஊற்றித் தறிமேல் வைத்து மட்டம் பார்த்தார். காற்று உலர்ந்திருப்பதுதான் காரணம் என்று ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டினார். வீடு முழுக்க ஈரச்சாக்கு நாற்றம் அடித்ததே தவிர, பட்டை விழுவது நிற்கவில்லை. கடைசியில், தார்க்குச்சியில் நூல் சுற்றித் தரும் மனைவி இன்னாசியம்மாள்தான் சரியாகச் சுற்றவில்லை என்று கண்டுபிடித்தார்.

அங்கேதான் தப்புச் செய்தார்.

இன்னாசியம்மாள் தார் சுற்ற உட்கார்ந்த காலத்திலிருந்து அவள் சுற்றிய நூலில் ஒருவரும் குறை சொன்னதில்லை. அவள் எழுந்து விளக்கைப் பிடித்து, பட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். கெட்டியாக இருப்பது காலையில் நெய்தது. தளர்ந்திருப்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி தூங்கி வழிந்துகொண்டே நெய்தது. தகரப் பட்டை, குக்கர் விசில் அடித்ததற்குச் சண்டை போட்ட அன்றைக்கு. அதற்கடுத்தது, மின்விசிறிக்காகச் சோபியாவிடம் கத்திய அன்றைக்கு. டிவியில் குழந்தை சோப்பு விளம்பரம் பார்த்து அவர் கண்கலங்கி உட்கார்ந்திருந்த நாளில் விழுந்த பட்டை, கொசுவலை போல இருந்தது.

“தறியில எல்லாத்தையும் மாத்திட்டீங்க. அதுல உக்காந்துகினு இருக்கிற ஆளைத்தான் இன்னும் பார்க்கல” என்றாள்.

தனக்கு மாதவிலக்கு நின்ற வருஷத்தில் தான் பட்டதையெல்லாம் அவள் நினைவுபடுத்தினாள். திடீர் வேர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. அப்போது பிலவேந்திரன் செய்த ஒரே உதவி, போர்வையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்ப் படுத்தது. இப்போது பாதி அதே கூத்துதான் அவருக்கும் நடக்கிறது என்றாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கத் தொடங்கி எத்தனை மாதம் ஆகிறது என்பதை மட்டும், பெரிய மனதோடு, சொல்லாமல் விட்டாள்.

“ஆம்பளைக்கு ஏது அதெல்லாம்?”

“பொம்பளைக்கு ஒரேயடியா நிக்குது. ஆம்பளைக்குக் கொஞ்சங்கொஞ்சமா வத்துதாம். டாக்டர்கிட்ட காமிங்க.”

ஆண் ஹார்மோன் பற்றிப் பிலவேந்திரனுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த ஆண்மைக் குறைவு நோட்டீஸ்தான். சிங்கம் படம், லாட்ஜ் பெயர், அறை எண். அந்த லாட்ஜ் படியில் கால் வைத்தால், இறங்குவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே டாக்டருக்குப் பதில், நோட்டீசில் கண்ட லேகியத்தை வேறு ஊர்க் கடையில் யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்து தறிக்குழியில் ஒளித்துவைத்துச் சாப்பிட்டார். நெஞ்சு எரிந்தது. இறுக்கமா தளர்வா என்று அதற்கே தெரியாத புதுவகைப் பட்டை ஒன்று புடவையில் சேர்ந்தது.

இன்னாசியம்மாள் டப்பாவைக் கண்டெடுத்து அவர் முன்னால் வைத்தாள். இன்னும் ஒரு பட்டை விழுந்தால் கல்யாணப் புடவையைக் கடையில் போய் வாங்கிவிடுவேன் என்றாள்.

நெசவுக்காரன் மகள் கடைப் புடவையில் நிற்பதா, அதுவும் அந்த நிச்சயப் பேச்சுக்குப் பிறகு? பிலவேந்திரன் பணிந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பக்கத்து ஆரணி டாக்டர் வேண்டாம். தெரிந்தவர் யாருமில்லாத போளூருக்குப் போகலாம்.

போளூர் கிளினிக்கில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்தபடி ஒருவர் முன்பே உட்கார்ந்திருந்தார். முகம் தெரியாவிட்டாலும் கை தெரிந்தது. அந்தக் கை, வாசல் திரைச்சீலையின் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி நெருக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் அப்படி உருட்டுவார்.

“இன்னா முதலாளி, இங்க?”

துண்டு விலகியது. பச்சையப்பன் திருதிருவென்று விழித்தார். “கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குது. நீ?”

“எனக்கும் கண்ணுதான்.”

இருவரும் தலைக்கு மேலிருந்த பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். பொது மருத்துவம், சர்க்கரை, ஹார்மோன் என்று அதில் எழுதியிருந்தது. பிறகு திரைச்சீலை பற்றிப் பேசினார்கள்.

டாக்டர் அகல்யாவுக்குச் சோபியா வயதுதான் இருக்கும். பிலவேந்திரன் வழக்கம் போலத் தறிக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. எந்த நேரத்தில் தறி தளருகிறது என்று கேட்டார்.

“சாப்பாட்டுக்கு அப்புறம்ங்க.”

“தறி ராத்திரி குறட்டை விடுதா?”

“விடுதுன்னு வீட்டுக்காரி சொல்றா.”

“தறிக்கு இடுப்பு பெருத்திருக்கா?”

“கொஞ்சம்.”

“வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பறதுக்கு ஆசை இருக்கா தறிக்கு?”

பிலவேந்திரன் மேசை மேலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருந்துது டாக்டரம்மா” என்றார்.

அதற்குப் பிறகு டாக்டர் தறியை விட்டுவிட்டு அவரிடமே பேசினார். வயது ஏற ஏற ஆண்களுக்கு ஆண் ஹார்மோன் மெல்லக் குறைவது இயற்கை. எல்லோருக்கும் ஒரே மாதிரி குறையாது. ஆனால் இதே அசதியும் எரிச்சலும் சர்க்கரையால் வரலாம், தைராய்டால் வரலாம், கெட்ட தூக்கத்தால் வரலாம், மனச்சோர்வாலும் வரலாம். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தம் பார்க்க வேண்டும். அதுவும் விடியற்காலையில், வெறும் வயிற்றில். குறைவாக இருந்தால் இன்னொரு காலை மறுபடியும். காலையில்தான் அந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற இறங்கிவிடும் என்றார்.

பிலவேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “புடவையிலயும் அப்படித்தாங்க விழுந்திருக்கு!”

புடவையில் விழுந்ததற்குத் தூக்கமும் ஒரு காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். லேகியத்தை உடனே குப்பையில் போடச் சொன்னார்.

முதல் ரத்தப் பரிசோதனைக்குப் போன விடிகாலை பஸ்ஸில் பச்சையப்பன் முன்வாசல் பக்கமும் பிலவேந்திரன் பின்வாசல் பக்கமும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் முறை பஸ்ஸில் இருவர் உட்காரும் ஒரே ஒரு சீட்டுதான் காலியாக இருந்தது. பாதி வழி வரை மழை பற்றிப் பேசிக்கொண்டு வந்த பச்சையப்பன், தொண்டையைக் கனைத்தார். ஒரு வருஷமாக எதைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது என்றார். எத்தனையோ பேர் நெய்ததைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“அதெல்லாம் நல்ல புடவையோ இன்னாவோ பிலவேந்திரா” என்றார்.

அதில் நான்கு பிலவேந்திரன் நெய்தவை. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டார்.

பிலவேந்திரனுக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹார்மோன் முதல்முறை சற்றுக் குறைவு, இரண்டாம் முறை சரியான அளவின் கீழ் விளிம்பு. ஊசி, மாத்திரை இப்போது வேண்டாம், வயிற்றைக் குறைத்து, நடந்து, ஒழுங்காகத் தூங்கிவிட்டுச் சில மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். குறட்டைக்குத் தனியாக ஒரு பரிசோதனை. பச்சையப்பனுக்கு இரண்டு முறையும் நன்றாகவே குறைந்திருந்ததால், மேற்கொண்டு பார்க்க வேலூருக்கு எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் தறியின் வேளை மாறியது. விடியலில் நடந்துவிட்டு வந்து, வெயில் ஏறும் வரை மட்டும் பிலவேந்திரன் நெய்தார். ராத்திரிச் சோறு பாதியானது. அதற்காக முதல் வாரம் அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். மதியத்தில் அச்சுப்பலகையைத் தொட இன்னாசியம்மாள் விடவில்லை. சும்மா இருக்க முடியாமல் தார் சுற்ற உட்கார்ந்தார். அவர் சுற்றியதை அவள் எடுத்துப் பார்த்தாள்.

“யார் சுத்துனாங்க இதை? இப்படிச் சுத்துனா பட்டை விழாம இன்னா விழும்?”

வேறு வழியில்லை. அன்றைக்குத்தான் தாரைக் குறை சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார்.

கோபமும் தூக்கமும் லேகியமும் விழுந்த இடத்தை வெட்டி எறிய முடியாது. ஆனால் அவர் நெய்யத் தொடங்கியது இடுப்பில் முதலில் சொருகும் முனையிலிருந்து. அதற்கு மேல் முந்தானை வரை ஒரே அடி, ஒரே நெருக்கம். விளக்கைப் பிடித்துப் பார்த்த இன்னாசியம்மாள் கடைக்குப் போகும் பேச்சை அத்தோடு விட்டாள்.

கல்யாணத்தன்று பூசை முடிந்து, வாழ்த்துச் சொல்லப் பச்சையப்பன் மணமக்களிடம் வந்தார். வாய் வாழ்த்திக்கொண்டிருந்தது. விரல்கள் சோபியாவின் முந்தானை ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தன.

“அடி ஒண்ணா இருக்குது” என்றார் பச்சையப்பன்.

“அவரு கோவமெல்லாம் உள்சுத்துல இருக்குது முதலாளி” என்றாள் இன்னாசியம்மாள். “மேல ரெண்டு சுத்து சுத்தி மூடியிருக்கோம்.”

சாப்பாட்டுப் பந்தியில் ரெஜியின் அப்பா, பிலவேந்திரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெற்றி வேர்வையைத் துடைத்தார். சொன்னபடியே நெய்து காட்டிவிட்டீர்கள் என்று பாராட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, போளூரில் உங்கள் கண்ணை ஒரு டாக்டரம்மா நன்றாகப் பார்த்தார்கள் என்று பச்சையப்பன் சொல்லக் கேட்டேன், எனக்கும் கொஞ்ச நாளாகப் பகலெல்லாம் தூக்கமும் எரிச்சலுமாக இருக்கிறது என்றார்.

பிலவேந்திரன் மேடைப் பக்கம் பார்த்தார். விளக்கு வெளிச்சம் நேராக விழுந்தும் புடவையில் எங்கும் ஒரு பட்டை தெரியவில்லை.

“கண்ணுக்கு இல்ல சம்பந்தி, வயசுக்கு” என்றார். “காலையில வெறும் வயித்துல போவணும். நானே கூட வரேன்.”