கார்ப்பெட்டை முகர்ந்து பார்த்தவள்

என் மனைவியை நினைத்தால், சமையலறையில் நிற்கிறவளாகவோ கல்யாணப் புடவையில் இருக்கிறவளாகவோ அவள் எனக்குத் தோன்றுவதில்லை. ஏற்காட்டில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில், முழங்காலை ஊன்றிக் குனிந்து, தரையில் விரித்த கார்ப்பெட்டில் மூக்கை வைத்து மூச்சை இழுக்கிறவளாகத்தான் தோன்றுகிறாள். சுற்றுலா வந்தவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு குழந்தை சிரித்தது. அவள் யாரையும் பொருட்படுத்தாமல் நாலு மூலையிலும் அப்படியே குனிந்து முகர்ந்துவிட்டு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, "மேலாப்புல காஞ்சிருக்குதுங்க, அடியில இன்னும் காயல" என்று மேனேஜரிடம் சொன்னாள். எங்கள் மலையில் அதுதான் சிக்கல். கீழே சேலத்தில் காலையில் கழுவிய கார்ப்பெட் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். இங்கே சன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், மூடினால் ஈரம் வெளியே போகாது. கையால் தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். இரண்டு நாள் கழித்து அந்த அறையில் தங்குகிறவர் ஈர வாடை தாங்காமல் போர்வையை மூக்கில் போர்த்திக்கொண்டு படுப்பார். கையை ஏமாற்றுகிற ஈரம் அவள் மூக்கை ஏமாற்றியதில்லை.

அவள் ஓட்டல்களில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருந்தவள். நான் ஓர் எஸ்டேட்டில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டல்காரர்கள் ஆட்களைக் குறைத்து, கார்ப்பெட் கழுவுவதை வெளியாட்களிடம் கொடுக்க ஆரம்பித்தபோது, "அந்த வெளியாளு நாமளா இருந்தா என்னங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விகளுக்குச் சரி என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அப்படித்தான் கல்யாணமும் நடந்தது.

மெஷின் வாங்க இரண்டு பேரும் பஸ் ஏறிச் சேலம் போனோம். கடைக்காரர் பெரிய மெஷினாக ஒன்றைக் காட்டி, இது எவ்வளவு தண்ணீரைப் பீய்ச்சும், எவ்வளவு வேகமாகப் பீய்ச்சும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "தண்ணி ஊத்தறதுக்குக் கொடமே போதுமுங்களே. ஊத்துன தண்ணிய இது எவ்வளவு திருப்பி உறிஞ்சும், அதச் சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு கேள்வியில் பாதிக் கடை கழிந்துபோயிற்று. மிச்சமிருந்தவற்றில் ஒவ்வொன்றாகக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பழைய பங்களாக்களில் மரப்படி ஏறி மாடிக்குக் கொண்டுபோக வேண்டும், மழைக்காலத்தில் மின்சாரம் மங்கினாலும் மோட்டார் இழுக்க வேண்டும். கடைசியில் அவள் தேர்ந்தது பார்வைக்கு எடுபடாத, சாம்பல் நிறத்தில் குட்டையாக இருந்த ஒன்று. கூடவே தரையோடு காற்று வீசும் இரண்டு காற்றாடிகள். மெஷினை விட அந்தக் காற்றாடிகள்தான் முக்கியம் என்று அடித்துச் சொன்னாள். வாடகைக்குப் பிடித்த வேனில் மலையேறும்போது மெஷின் உருளாமல் இருக்க மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கரைசல் விஷயத்தில் இன்னும் பிடிவாதம். நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானுந்தான். நுரை உள்ளேயே தங்கிப் பிசுபிசுத்து, அடுத்த வாரமே இரண்டு பங்கு அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பாள். வாசனை போட்ட கரைசலை வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டாள். "என்னத்தையோ ஒளிக்கறதுக்குத்தானுங்க வாசனை போடறாங்க" என்பாள். புது இடத்துக்குப் போனால் கார்ப்பெட்டின் அடி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் கொளுத்தி முகர்ந்து பார்ப்பாள். முடி கருகுகிற வாசம் வந்தால் கம்பளி. அதற்குத் தலைக்குப் போடுகிற ஷாம்பு போல மென்மையான கரைசலும் குளிர்ந்த தண்ணீரும் மட்டும். பிளாஸ்டிக் கருகுகிற வாசம் வந்தால் நைலான். அதற்குக் காரமான கரைசலும் சூடான தண்ணீரும் தாங்கும். கம்பளியா நைலானா என்று அவள் சொன்னவுடனே மெஷினையும் வாளியையும் தயார் செய்வது என் வேலை. மூக்கு அவளுடையது, முதுகு என்னுடையது என்று நான் கேலி பேசுவதுண்டு. என் மூக்கு பல வருஷங்களாக மூக்குப்பொடியிடம் அடகு போயிருந்தது.

பிறகு ஊரெல்லாம் முடங்கிக் கிடந்த அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. எங்கள் இரண்டு பேருக்குமே வந்து போனது. எனக்கு இருமல், அவளுக்கு உடல்வலி. எழுந்து நடமாடியபோது பிழைத்துக்கொண்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். ஓட்டல்கள் திறந்தன, பழைய இடங்களிலிருந்தே மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் முன்னைப் போலவே குனிந்து முகர்ந்தாள். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் "இன்னொரு நாள் காத்தாடி ஓடட்டுமுங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் பால் இரண்டு முறை அடிப்பிடித்துக் கருகியது. அசதி என்று நினைத்தேன். ஒருநாள் சேலத்திலிருந்து வந்த விற்பனையாள் ஒருவன் மல்லிகைப்பூ வாசனை போட்ட கரைசல் கேனை இறக்கினான். மூடியைத் திறந்ததும் மூக்குப்பொடி போட்ட எனக்கே தலை சுற்றியது. அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க, வெச்சுட்டுப் போங்க" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம். வயசானால் பிடிவாதம் தளரும் போலிருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாகலூர் பக்கத்தில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவிலிருந்து அழைப்பு வந்தது. அந்த வீட்டு அம்மாவின் மகளுக்குக் கல்யாணம், வரவேற்பு பங்களாவிலேயே. கூடம் முழுக்க விரிந்த ஒரு கார்ப்பெட், வெளிர் மஞ்சள் பரப்பைச் சுற்றிச் சிவப்புக் கரை. காய்ச்சலுக்குப் பிறகு நாங்கள் போன முதல் புது இடம் அது. என் மனைவி ஓரத்தைப் புரட்டி நூலை உருவிக் கொளுத்தினாள். முகர்ந்தாள். மறுபடியும் ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்தாள். அவள் இரண்டாம் முறை முகர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நைலானுங்க" என்றாள். நான் சூடான தண்ணீரில் காரமான கரைசலைக் கலந்து மெஷினில் ஊற்றினேன்.

கரையை ஒட்டி இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். சிவப்பு நகர்ந்தது. கரையிலிருந்து கிளம்பி மஞ்சளுக்குள் மெதுவாக நுழைந்துகொண்டே இருந்தது. மெஷினை நிறுத்தினேன். அது கம்பளி. அந்த அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. என் மனைவி சமையலறைக்கு ஓடி வினிகர் பாட்டிலைக் கேட்டு வாங்கி வந்தாள். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து தெளித்து, தெளித்த உடனேயே என்னை உறிஞ்சச் சொன்னாள். தெளிப்பதும் உறிஞ்சுவதுமாகப் பொழுது சாய்கிறவரை விடவில்லை. சாயம் மேலே பரவாமல் நின்றது, ஆனால் பரவியது பரவியதுதான். ஓரமாக ஒரு கை நீளத்துக்கு மஞ்சள் இளஞ்சிவப்பாகிவிட்டது. "அந்த எடத்துல ஒரு சோபாவப் போட்டுக்கறேன். நீங்க கெளம்புங்க" என்றார் அந்த அம்மா. அதற்கப்புறம் அவர் எங்களைக் கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் மூடுபனி இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு வேனை ஊர்ந்து ஓட்டினேன். அவள் மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, எனக்கு எந்த வாசமுந் தெரியறதில்லீங்க."

"எப்ப இருந்து?"

"அந்தக் காச்சல்ல போனதுங்க. வந்துரும் வந்துரும்னு பாத்தேன். வரல."

"ஏம்புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்னைய ஊட்டுல உக்கார வெச்சிருவீங்கல்ல. மூக்கு இல்லாதவ இந்தத் தொழிலுக்கு எதுக்குங்க?"

பழகிய ஓட்டல்களில் எல்லாம் நைலான் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் கரைசலில் தவறவில்லை. காய்ந்ததா என்று தெரியாததால்தான் காற்றாடியை இன்னொரு நாள் ஓட விட்டாள். மல்லிகை வாசனையை நல்லா இருக்கிறது என்று சொன்னதும் வாசமே தெரியாமல் பிளாஸ்டிக் கேனை மட்டும் பார்த்துச் சொன்னதுதான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், மருத்துவர்களிடம் தனியாகப் போய்ப் பார்த்ததையும் சொன்னாள். அத்தனை மாதமும் பக்கத்தில் படுத்திருந்தவள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். வேனை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

அந்த இடத்திலேயே பொடி டப்பாவைப் பள்ளத்தில் வீசினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அந்தச் சனியனை விடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் விட்டேன். ஏற்காடு சின்ன ஊர், பங்களா விஷயம் எங்களுக்கு முன்னால் ஓட்டல்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி ஒவ்வொரு மேனேஜரிடமும் தானே போய் நின்று, "என்ற மூக்குப் போயிருச்சுங்க. இனி இவுரு மோந்து பாப்பாரு, நாங் கையில பாப்பேன். நம்பிக்கை இருந்தாக் குடுங்க" என்று சொன்னாள். சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. நூலைக் கொளுத்துவது மட்டும் அவளே. சாம்பலை விரலிடுக்கில் வைத்து நசுக்குவாள். பொடிந்தால் கம்பளி, கல் மாதிரி உருண்டையாக நின்றால் நைலான். அதே நேரம் நான் முகர்ந்து சொல்ல வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் கரைசல் கலக்கலாம் என்று வைத்துக்கொண்டோம்.

ஆரம்பத்தில் எனக்கு வாசத்தைச் சொல்லவே தெரியவில்லை. "ஒரு மாதிரி இருக்குது" என்பேன். "ஒரு மாதிரின்னா எந்த மாதிரிங்க? நனஞ்ச ஆடா, புளிச்ச மாவா, பழைய துணி மூட்டையா?" என்று விடாமல் பிடுங்குவாள். அவளுக்குச் சொல்வதற்காகவே நான் முகர்ந்து பழகினேன். போகப்போக வேலைக்கு வெளியிலும் கேட்க ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது, வாழவந்தியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது, மழை விட்டதும், "இப்ப என்ன வாசம் வருதுங்க?" என்பாள். வறுத்த கடலை என்பேன், டீசல் என்பேன், பக்கத்து வீட்டில் கருவாடு என்பேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

அவள் போன பிறகும் தொழிலை விடவில்லை. மெஷின் மாறிவிட்டது, பாதி எடையில், சத்தமில்லாமல் வேலை செய்கிற ஒன்று வந்திருக்கிறது. வாங்கும்போது எவ்வளவு உறிஞ்சும் என்றுதான் நானும் கேட்டேன். கூட வேலை செய்கிறவர் நல்ல மனுஷர், நான் கார்ப்பெட்டை முகர்ந்து "நனஞ்ச ஆடு" என்று வாய்விட்டுச் சொல்லும்போது ஒன்றும் கேட்பதில்லை. தனக்குச் சொல்வதாக நினைத்துத் தலையாட்டுகிறார்.

சிறுநீரகம் இரண்டும் பழுதாகி அவள் சேலத்து ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். கீழே வெயில் தகித்துக்கொண்டிருந்தது. வார்டில் மருந்து நெடி, சரியாகப் பிழியாத மாப்பால் தரையைத் துடைத்த புளிப்பு வாடை, யாரோ வாந்தி எடுத்ததன் மேல் ஊற்றிய பினாயில். மதியம் கண்ணைத் திறந்தவள் என் கையைத் தேடிப் பிடித்து, "இப்ப என்ன வாசம் வருதுங்க?" என்று கேட்டாள். அதுவரைக்கும் நான் அவளிடம் வாசத்தில் பொய் சொன்னதில்லை. தொழிலில் சொல்லக் கூடாது, வீட்டிலும் சொன்னதில்லை. அந்த வார்டைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பிறந்த ஊர் மாரமங்கலம். "மாரமங்கலத்துல உங்க ஊட்டு வாசல்ல பச்ச மொளகு காயுதுபுள்ள. வெயில் இப்பத்தான் ஏறுது. காரமா, கொஞ்சம் பச்சையா, மூக்கு நுனியில நிக்குது" என்றேன்.

அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு என்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பொய்யுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.