ஒன்பது ஜீப்பும் ஒரு சுத்தமான திரையும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நான் ஒன்பது ஜீப்புகளைத் தொலைத்தேன். ரோட்டில் அல்ல... கம்ப்யூட்டரில்.

என்னைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சமீபத்திய கிறுக்கு தெரியும். என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஐகான் கூடக் கிடையாது. வால்பேப்பர் கிடையாது. வெறும் சாம்பல் நிறம். 'எளிமை' என்று இதைப் பற்றி இரண்டு வாரம் இதே இடத்தில் உபதேசம் வேறு செய்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு இருப்புக் கொள்ளாது. சும்மா உட்கார்ந்தால் கை எதையாவது அழிக்கச் சொல்லி நச்சரிக்கும். என் திரையில் அழிக்க ஒன்றும் மிச்சமில்லை. அடுத்தவர் திரைகளை நோட்டம் விட ஆரம்பித்தேன்.

தேனி மாவட்டக் கூடலூரில் என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு பிரிண்ட் எடுக்கப் போனேன்.

"கொழுந்தனாரே, செத்த இங்கன உக்காந்து கடையப் பாத்துக்கங்க. பேப்பர் தீந்துருச்சு, வாங்கிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

திரையைப் பார்த்தேன். ஐயோ! பின்னணியில் மலைப் படம். அதன்மேல் 'மொக்கராசு வண்டி', 'பாண்டி வண்டி', 'ஜோசப் வண்டி' என்று ஃபைல்கள்... இடது பக்கம் சில, வலது ஓரத்தில் சில, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. ஒரு மனுஷி இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்க்கிறார்?

கை சும்மா இருக்குமா? 'ஜீப்' என்று ஒரு ஃபோல்டர் போட்டேன். ஒன்பது ஃபைலும் உள்ளே, அகர வரிசையில். மலைப் படத்தையும் தூக்கினேன். வெளியே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எரிச்சலில் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினேன். திரை பளிச்சென்று இருந்தது. ஒரு நிமிஷம் மனசும் அடங்கியது.

மதினி வந்தார். திரையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இங்கன இருந்ததெல்லாம் எங்க?"

"ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு மதினி."

"அது கெடக்கட்டும்... மலையில எது, ஊருக்குள்ள எதுன்னு இப்ப எப்பிடித் தெரியும்?"

அப்புறம்தான் விளக்கினார். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குத் தினமும் காலையில் பெண்கள் ஜீப்பில் குமுளி மலை ஏறிப் போகிறார்கள். அவற்றில் ஒன்பது ஜீப்புக்கு மதினிதான் ஆள் பட்டியல் அடித்துக் கொடுக்கிறார். ஜீப்புக்கு ஒரு ஃபைல். வண்டி கிளம்பியதும் அதை இடது பக்கம், மலையின் மேல் வைப்பார். சாயங்காலம் வண்டி இறங்கி வந்து கடை முன்னால் ஹாரன் அடித்தால், வலது ஓரத்துக்கு இழுத்துவிடுவார். வந்து சேர்ந்தாச்சு என்று அர்த்தம். மலையில் பாதி இடத்தில் டவர் கிடைக்காது. வீட்டுக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது மதினியிடம்தான்.

செய்ததை மாற்ற அவசரமாகக் கன்ட்ரோல் இசட் அடித்தேன். ஃபைல்கள் வெளியே வந்தன... ஒரே வரிசையில், எல்லாமே இடது பக்கம்.

"நான் போறப்ப நாலு வண்டி வந்திருந்துச்சு. இல்ல, அஞ்சா? நீங்க இருந்தப்ப ஹாரன் கேட்டுச்சா?"

கேட்டது. எத்தனை? யாருக்குத் தெரியும்?

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. போன் அடித்தது.

"யக்கா, செல்வி போன வண்டி எறங்கிருச்சா?" ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல்.

"பாத்துச் சொல்றேன்ப்பா."

அடுத்த போன். அதற்கடுத்தது. எல்லாருக்கும் அதே பதில். தினமும் கேட்ட நொடியில் பதில் சொல்கிறவர் 'பாத்துச் சொல்றேன்' என்றால், கேட்கிறவர் மனசு என்ன பாடுபடும்? அரை மணி நேரத்தில் கடை முன்னால் குடையும் சாக்குமாக இருபது பேர்.

நான் மழையில் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நின்ற வண்டிகளைப் பார்த்தேன். ஷெட்டுக்குப் போய்விட்ட டிரைவர்களுக்கு மதினி போன் போட்டார். ஐந்தரைக்கு எட்டு வண்டி தேறிவிட்டது. மிச்சம் மொக்கராசு வண்டி. செல்வி அதில்தான் இருந்தார். டிரைவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே.

செல்வியின் கணவர் கடைப் படியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. உள்ளே உட்காரவும் முடியாமல் வெளியே நிற்கவும் முடியாமல் அலைந்தேன். அன்றுபோல நான் பயந்ததில்லை.

ஆறு மணிக்கு ஹாரன் கேட்டது. மலைப்பாதை வளைவில் மரம் விழுந்து, வெட்டி எடுக்கும்வரை வண்டிகள் நின்றிருக்கின்றன. செல்வி இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏன் இம்புட்டுப் பேரு நிக்கிறாக? யாருக்கு என்னாச்சு?"

மரத்தை நான் தள்ளவில்லை, சரி. ஆனால் ஒரு ஜீப்பில் போனவர்களின் வீட்டார் மட்டும் பயந்திருக்க வேண்டிய சாயங்காலத்தில், ஒன்பது ஜீப் வீட்டாரையும் பயமுறுத்தியது நான்தானே?

மதினி மறுபடி மலைப் படத்தை வைத்தார். ஃபைல்களை ஒவ்வொன்றாக வலது ஓரத்துக்கு இழுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"ஒங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லைன்னு எழுதுனீகளே, படிச்சேன்" என்றார், திரும்பாமலே. "நீங்க யாருக்கும் காத்துக்கிட்டு இல்ல கொழுந்தனாரே. அதான் காலியாக் கெடக்கு."