மாமனாரின் டிடெக்டர் வால்வு

இதை நம்பச் சொல்லி யாரிடமும் கெஞ்சப்போவதில்லை. நடந்தது எனக்கு. பட்டப்பகலில், சரியாக 3.10க்கு.

கணவர் இறந்த பிறகும் எங்கள் ரேடியோ ரிப்பேர் கடையை நான் மூடவில்லை. கட்டடம் கொழுந்தன் பெயரில். அன்று மத்தியானம் அவன் மாமனாரின் பழைய வால்வு ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மாமனார் உயிரோடு இருந்தவரை என்னைக் கடைப்படி ஏற விட்டதில்லை.

"அண்ணி, அஞ்சு மணிக்குள்ள இதைப் பேச வெச்சா கடை உங்களுக்கு. இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டோட இருங்க."

"காதைக் கழுவிட்டு அஞ்சு மணிக்கு வா."

பின்மூடியைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டதும், சின்ன பல்பு போன்ற ஐந்து கண்ணாடி வால்வுகளில் நான்கு ஒளிர்ந்தன. பேச்சைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர் வால்வு மட்டும் இருண்டிருந்தது. அதன் கண்ணாடியில் மாமனார் தீட்டிய சிவப்புக் கோடு. வானொலி அலை பேச்சைச் சுமந்துதான் வருகிறது. ஆனால் இருபுறமும் சமமாக ஆடுவதால் காதுக்கு எட்டாது. இந்த வால்வு ஒரு பாதியை மட்டும் விடும். பக்கத்துக் கண்டென்சர் அதன் படபடப்பை அடக்கும். மிஞ்சுவதுதான் பேச்சு.

விரலால் சோதிப்பது எங்கள் பழக்கம். வால்வின் தலையைத் தொட்டால் ரேடியோ 'ம்ம்ம்' என்று உறும வேண்டும்.

தொட்டேன்.

உறுமல் வரவில்லை. இருமல் வந்தது.

மாமனாரின் இருமல்...

"பொம்பளைக்கு... இங்க என்ன வேலை?"

வால்வைப் பிடுங்கினேன். சில்லென்றிருந்தது. டிடெக்டர் இல்லாத ரேடியோ பேசாது. பேசவே முடியாது.

"எந்திரிச்சுப் போ..."

நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டேன்.

"போக மாட்டேன் மாமா. நீங்க போங்க!"

டக்.

நிசப்தம்.

3.14.

என் டப்பாவிலிருந்து வேறொரு வால்வைச் செருகினேன். அரை நிமிடத்தில் சூடேறியது. செய்தி கணீரென்று கேட்டது.

ஐந்து மணிக்குக் கொழுந்தன் வந்தான். ரேடியோ பேசுவதைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது.

"டிடெக்டருக்கு என்ன பண்ணீங்க?"

"வேற போட்டேன். பழசு இதோ."

சிவப்புக் கோட்டைப் பார்த்தவன் வாசல்வரை பின்வாங்கினான்.

"அண்ணி... ரேடியோவுல டிடெக்டர் எடம் காலியாத்தான் இருந்துச்சு. உங்களை மடக்கணும்னுதான் அப்படியே கொண்டாந்தேன். இந்த வால்வை அப்பா சட்டைப்பையில வெச்சுத்தான்... புதைச்சோம்."

திருப்பிப் பார்த்தேன். வால்வின் கால்களுக்கு நடுவே ஈரமண்.

கடைச்சாவி இப்போது என்னிடம். அந்த வால்வும் என் மேசையில்தான் இருக்கிறது.

மாமாவுக்கு வேண்டுமானால் வந்து கேட்கட்டும்.