அக்கா அழக் கூடாத அறை

என் அக்கா வாயை மூடி வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பல் துலக்கும்போதே யாரையாவது திட்ட ஆரம்பித்துவிடுவாள். நுரை தெறிக்கும், வசவு நிற்காது. இப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, வாய் திறந்தாலே கெட்டுப்போகும் பொருளோடு வேலை. புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவள் டெக்னீஷியன். ரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பாள். எச்சில், வியர்வை, கண்ணீர் எது பட்டாலும் அது துண்டு துண்டாகிவிடும். அதனால் அந்த அறைக்குள் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஊமையாக இருப்பாள். அங்கே அடக்கி வைத்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து என் தலையில் கொட்டுவாள்.

நான் அதற்கு வாகாகக் கிடந்தேன். மூன்று வேலைகளை உதறிவிட்டு முப்பத்தைந்து வயதில் சோபாவோடு ஒட்டிக்கொண்ட தம்பி. அப்பா என்னைத் தண்டச்சோறு என்றுதான் கூப்பிடுவார்.

"இந்த ஆர்.என்.ஏ.லயும் உன்ன மாதிரி ஒரு கூட்டம் இருக்குடா" என்றாள் ஒருநாள். "மத்ததுங்க புரதம் செய்யறதுக்குக் குறிப்பு எடுத்துட்டுப் போகும். இதுங்க அதச் செய்யாது. ரொம்ப நாளா குப்பைன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்தா, எந்த ஜீன் பேசணும், எது வாய மூடணும்னு முடிவு பண்றதுல இதுங்களுக்கும் பங்கு இருக்கு."

"அப்போ இந்த வீட்டுக்கு நான் முக்கியமானவன்."

"நீ முடிவு பண்றது டிவில எந்த சேனல்ங்கறத மட்டும்தான்."

அடுத்த வருடம் என் நுரையீரலில் கட்டி வந்தது. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. என்னிடம் இருந்த ஒரே நல்ல பழக்கத்துக்கும் மரியாதை இல்லாமல் போய்விட்டது. அக்காவின் மருத்துவமனையிலேயே சேர்ந்தேன். நோய் எதிர்ப்பு செல்களின் பிரேக்கை விடுவிக்கும் மருந்தை ஏற்றினார்கள். அந்தச் செல்கள் கட்டியைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கும் போல. அடுத்த ஸ்கேனில் கட்டி இன்னும் கொஞ்சம் சதை போட்டிருந்தது. "அவன் செல்லும் அவன மாதிரியே..." என்று ஆரம்பித்த அப்பா, அக்கா முறைத்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. குறிப்பிட்ட ஒரு குப்பை ஆர்.என்.ஏ. எதிர்ப்பு செல்களுக்குள் அளவு மீறினால் அவை சோர்ந்துவிடுகின்றன என்பது அங்கிருந்த பெரிய டாக்டரின் கணிப்பு. அதை அடக்க ஒரு புது ஊசியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அந்த ஆர்.என்.ஏ. அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஊசி. ஆள் சேர்ப்பதோ அந்த வாரத்தோடு முடிகிறது.

என் ரத்தத்தில் அதை அளக்க ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க வேண்டியவள் அக்கா. ரத்தம் பிடித்த குழாயில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனால் அன்று ரத்தம் கொடுத்தவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது செய்யட்டுமே என்றாராம் டாக்டர். "என் தம்பி ரத்தத்த இன்னொருத்தர் கைல குடுக்க மாட்டேன் சார்" என்றாளாம் இவள்.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துபோன அப்பா டிவியை அணைத்தார்.

"நாசமாக்கிட்டேன்டா" என்றாள் கடைசியில். "குழாய் கைல இன்னும் சூடா இருந்துச்சு. உன் உடம்புச் சூடு. கண்ணு கலங்கிடுச்சு. தொடச்சிட்டு, அதே கையுறையோட வேலையப் பாத்துட்டேன். எல்லாம் தூள் தூளாப் போச்சு. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்லித் தர்ற மொத விஷயமே, மூஞ்சியத் தொட்டா கையுறைய மாத்துங்கறதுதான்."

"ரத்தம்தானே, ஸ்டாக் இருக்கு" என்றேன். ஆனால் மறுநாள் கடைசி நாள். அதுவும் கெட்டால் எனக்கு வேறு மருந்து இல்லை.

"நாளைக்கு வேற ஆளச் செய்யச் சொல்றேன்" என்றாள்.

"நீயே செய். நான் வெளிய நிக்கறேன்."

மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு அந்த அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். அக்கா குழாயைக் கையில் எடுத்தாள். கண்கள் மினுங்கின. உடனே கன்னத்தை உப்பி, விழியை உருட்டி, மின்சாரம் போனால் அப்பா காட்டும் முகத்தைக் காட்டினேன். மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி இன்னொரு முறை காட்டினேன். அக்காவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. குழாயை வைத்துவிட்டு, அடங்கும்வரை நின்று, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

"சார், கண்ணாடியெல்லாம் எச்சில்" என்று துடைப்பத்தோடு வந்த துப்புரவு அம்மா என்னை விரட்டினார்.

மாலையில் முடிவு வந்தது. ஆர்.என்.ஏ. முழுசாக இருந்தது. குப்பையும் வேண்டிய அளவுக்கு மேல் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் நிறைய மார்க் வாங்கினேன். திங்கட்கிழமை ஊசி, பலிக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார் டாக்டர்.

நடைபாதைக்கு வந்ததும் அக்கா என் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள்.

"இங்க நல்லா அழுதுக்கோ" என்றேன். "கெட்டுப்போக எதுவும் இல்ல."

"நீ இருக்கியேடா" என்றாள்.

என் சட்டை நனைந்துகொண்டிருந்தது.